துடைக்காமல் விட்ட படி

இருபது வருடமாக நான் சம்பளம் வாங்குவது ஒரே ஒரு வேலைக்கு. அரசாங்கத்தின் மேல் தப்பில்லை என்று எழுதுவது. தில்லியில் ஓர் அமைச்சகத்தின் சட்டப் பிரிவில் எனக்கு மேசை. மூடாத குழியில் விழுந்தவர், அலுவலகக் கூரை பெயர்ந்து தோளில் வாங்கியவர், லிஃப்ட் கதவில் விரல் நசுங்கியவர் என்று யாராவது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், பதில் மனுவின் முதல் வரைவு என்னிடமிருந்துதான் கிளம்பும்.

எழுதும் முன் சில கேள்விகளை எனக்குள் கேட்டுக்கொள்வேன். வேண்டுமென்றே செய்தார்களா? அதற்கு எப்போதும் இல்லை என்றுதான் பதில். எந்த அரசாங்கமும் யாரையும் குறி பார்த்துக் குழி வெட்டுவதில்லை. கவனமாக இருக்க வேண்டிய கடமை இருந்ததா? ஆபத்து இருப்பது முன்பே தெரியுமா? இந்த இரண்டிலும் வழவழவென்று எழுதித் தப்பிக்கலாம். விழுந்தவர் பார்த்து நடந்தாரா? இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. தேடினால் ஏதாவது கிடைக்காமல் போகாது. ஃபோன் பேசிக்கொண்டு நடந்திருப்பார், கண்ணாடி போட மறந்திருப்பார், செருப்பு தேய்ந்திருக்கும். விழுந்தவர்கள் மேல் எனக்குப் பரிதாபம் வருவது நின்று பல வருடம் ஆகிறது. பரிதாபப்பட்டால் வரைவு நன்றாக வராது.

இதைச் சொல்வது பெருமைக்காக இல்லை. போன மார்கழியில் நடந்ததைச் சொல்லும்போது, எதுவும் தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காக இரக்கப்படக் கூடாது. எனக்கு எல்லாம் தெரியும்.

லோதி ரோடு பக்கத்தில் எங்களுக்கு அரசுக் குடியிருப்பு. முதல் மாடி. கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றலானதால் நானும் கல்லூரிக்குப் போகும் மகளும் மட்டும்தான். எதிர் வீட்டுக் கதவுக்கும் எங்கள் கதவுக்கும் நடுவே நான்கு தப்படி இடம், அங்கிருந்து கீழே இறங்கும் படிகள். எதிர் வீட்டில் ஓர் அதிகாரியும் அவருடைய அப்பாவும். மகன் காலையில் போனால் இருட்டித்தான் வருவார், வம்புதும்பு கிடையாது. சண்டையெல்லாம் அப்பாவோடுதான்.

அவரும் மத்திய அரசில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூர்ப் பக்கம். வாய்க்கு வாய் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சல். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சண்டை என்றால் சண்டை மாதிரி இருக்கும். மூச்சு முட்டக் கத்திவிட்டு மறுநாள் குழம்பு கொடுத்து அனுப்புவார்கள். இவர் சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றுகிற ஆள். என் செருப்பு அலமாரி அரை அடி வெளியே நீட்டுகிறது என்று டேப் வைத்து அளந்தார். கூலரிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் படம் எடுத்தார். எதையும் நேரில் சொல்ல மாட்டார். குடியிருப்புக்காரர்களின் ஃபோன் குரூப்பில் 'பொருள்' என்று தலைப்புப் போட்டு, வரிசை எண் கொடுத்து, 'தக்க நடவடிக்கைக்காக' என்று முடிப்பார். நானும் அதே பாஷையில் பதில் எழுதுவேன். அறுபது குடும்பங்கள் எங்கள் கோப்பைப் படித்து ரசித்துக்கொண்டிருந்தன.

மார்கழியில் வாசல் தெளித்துக் கோலம் போடாமல் எனக்குப் பொழுது விடியாது. பக்தியெல்லாம் பெரிதாக இல்லை, பழக்கம். மாடி வீட்டில் வாசல் என்பது கதவுக்கு வெளியே இருக்கிற அந்த நான்கு தப்படிதான். ஐந்தரைக்கு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளிப் படி வழியே இறக்கிவிடுவேன். ஊரில் என்றால் வெயில் வந்ததும் தரை காய்ந்துவிடும். தில்லியில் அந்த மாதத்தில் சூரியனையே மதியம் வரை காணோம். பனி மூட்டத்தில் படியில் ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே கிடக்கும். நேற்றைய கோலப்பொடி அதில் கரைந்து, படி முழுக்க வெளியில் தெரியாத ஒரு கொழகொழப்பு. பழைய மொசைக் படி வேறு.

இது எனக்குத் தெரியும். அதனால்தான் மூன்று குளிர்காலமாகக் கோலம் போட்ட கையோடு பதினோரு படியையும் துடைத்துக்கொண்டிருந்தேன். இங்கே எல்லோரும் சொல்கிற மாதிரி போச்சா போட்டுத்தான் உள்ளே போவேன். யாரும் என்னைக் கேட்டு அதைச் செய்யவில்லை. யாரும் கவனித்ததும் இல்லை.

மார்கழி பிறந்து நாலைந்து நாளில் எதிர் வீட்டுக்காரர் குரூப்பில் ஒன்று போட்டார். சிலர் கிராமத்தை விட்டு வந்தாலும் கிராமம் அவர்களை விட்டுப் போவதில்லை, அரசாங்கப் படிக்கட்டைச் சாணி மெழுகுகிற களம் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். கீழே என் கோலத்தின் படம். மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னிடம் அவ்வப்போது இட்லி மாவு வாங்கிப் போகிறவள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. மறுநாள் காலையில் வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றினேன், கோலம் போட்டேன். முன்பைவிடப் பெரிதாகப் போட்டேன். போச்சாத் துணியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பக் கொடியில் போட்டேன். படி பொதுப் படி, அதைத் துடைக்க நான் என்ன வேலைக்காரியா என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். வழுக்கினால் பார்த்து நடக்கட்டும். கடமை எதுவும் இல்லை. அலுவலகத்தில் எழுதுகிற அதே வாக்கியம், எனக்கே எனக்காக ஒரு தடவை.

ஒரு வாரம் போனது. தினமும் ஆறரைக்கு அவர் பால் பூத்துக்கு இறங்குவார். ஒரு நாள் நான் காபியோடு கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வெளியே ஒரு கால் சறுக்குகிற சத்தம், கைப்பிடிக் கம்பி அதிர்கிற சத்தம், பிறகு ஒரு கெட்ட வார்த்தை. அந்த மனிதர் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் நான் கேட்ட முதல் வார்த்தை அது. விழவில்லை, பிடித்துக்கொண்டார். எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மறைப்பானேன், நல்ல சந்தோஷம். காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன்.

அவர் சாயங்காலம் என் அழைப்பு மணியை அடித்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"ஏனுங்க அம்மிணி, முன்னெல்லாம் படி காஞ்சு கெடக்கும். இப்ப ஈரமாவே கெடக்குதுங்க. யாராச்சும் உழுந்தா ஆருங்க பொறுப்பு?"

கிராமத்துக்காரிக்கு அதெல்லாம் தெரியாது, குரூப்பில் எழுதிக் கேளுங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். ஆக, ஆபத்து இருப்பது எனக்கு முன்பே தெரியும் என்பதற்கு எதிராளியே வந்து சாட்சி ஏற்படுத்திக் கொடுத்துவிட்டுப் போனார். இப்படி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால், சமாதானமாகப் போய்விடுங்கள் என்று குறிப்பு எழுதி அன்றைக்கே மேலே அனுப்பியிருப்பேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து விழுந்தது அவர் இல்லை.

எங்கள் இரண்டு வீட்டுக்கும், அதே கட்டடத்தில் இன்னும் நான்கு வீட்டுக்கும் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, வீடு துடைக்க ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். விழுப்புரம் பக்கம். சின்ன வயதிலேயே தில்லிக்கு வந்துவிட்டவள், முப்பத்தைந்து வயது இருக்கும். இந்திக்காரர்கள் வீட்டில் கடகடவென்று இந்தி பேசுவாள், என்னை அக்கா என்பாள். புருஷன் இருக்கிறானா இல்லையா என்று நான் விசாரித்ததில்லை. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன என்று தெரியும். அந்த ஆறு வீடுதான் அவர்கள் மூன்று பேருக்கும் சோறு.

எதிர் வீட்டு வேலையை முடித்துவிட்டு, அவர்கள் குப்பைப் பையோடு இறங்கியிருக்கிறாள். எனக்குக் கேட்டது ஒரு சத்தம்தான். கதவைத் திறந்தேன். எதிர்க் கதவும் திறந்தது. எட்டாவது படியில் வலது கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய மாதிரி இல்லை. சுற்றிலும் முட்டை ஓடும் டீத்தூளும் சிதறிக் கிடந்தன. அவள் அழவில்லை. சிதறிய குப்பையை இடது கையால் கூட்டிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் இருவரும் என்ன செய்தோம்? சண்டை போட்டோம். அவளுக்கு மேலே நின்றுகொண்டு, அவள் தலைக்கு மேலாக. சொன்னேன் பாருங்கள் என்று அவர் ஆரம்பித்தார். இவ்வளவு பெரிய பையை ஒரே ஆளிடம் கொடுத்து இறக்கச் சொன்னது யார் என்று நான் கேட்டேன். தண்ணீர் ஊற்றியது யார் என்றார். எத்தனை நிமிடம் போயிருக்கும், தெரியாது. மேல் மாடியிலிருந்து இறங்கி வந்த ஒரு பஞ்சாபி அம்மாள்தான் இந்தியில் எங்களைத் திட்டிவிட்டு அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது நான். எக்ஸ்ரே வரிசையில் நின்றது, மருந்து வாங்கியது, மாவுக்கட்டு போடும்போது தோளைப் பிடித்துக்கொண்டது, எல்லாம் நான். எப்படி விழுந்தாய் என்று டாக்டர் கேட்டார். கட்டுப் போட்டவரும் கேட்டார். படியில் வழுக்கிவிட்டது என்று இரண்டு தடவையும் சொன்னாள். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில், அந்த ஆறு வாரத்துக்கும் என் வீட்டுச் சம்பளம் நிற்காது என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரலில் இருந்த தாராளம் எனக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் குரூப்பில் எதிர் வீட்டுக்காரரின் மனு வந்துவிட்டது. ஈரப் படியின் படங்கள், நேரம், பனி மூட்டம், முன்கூட்டியே எச்சரித்த விவரம். அவளுக்கு நேர்ந்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்டிருந்தார். மனுஷன் சரியாக எழுதியிருந்தார், ஓட்டை எதுவும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து பதில் எழுதினேன். படி எல்லோருக்கும் பொது. துடைக்கும் கடமை எந்த ஒரு வீட்டையும் சேராது. சம்பந்தப்பட்ட பெண் பை தூக்கியிருந்ததால் காலடியைப் பார்த்திருக்க முடியாது. அவருடைய ரப்பர் செருப்பு அடி தேய்ந்தது. கடைசியாக, காயம்பட்டவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும் இதே வீடுதான்.

அந்தச் செருப்பை நான் எப்போது பார்த்தேன்? ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது, குனிந்து, அதன் அடியைப் பார்த்தேன். இருபது வருடப் பழக்கம்.

எதிர் வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. ஃபோனைத் தூக்கிக்கொண்டு அவள் குடிசைக்கே போய்விட்டார். நடந்ததைச் சொல்லு, பதிவு செய்துகொள்கிறேன், உனக்கு நியாயம் வாங்கித் தருகிறேன் என்றாராம். அவள் தன் செருப்பு தேய்ந்துபோனதால்தான் விழுந்ததாகவும், தண்ணீர் கிண்ணீர் எதையும் தான் பார்க்கவில்லை என்றும் பதில் சொல்லிவிட்டாள். இரண்டு தடவை போனார், இரண்டு தடவையும் அதேதான். அவருடைய மனு அதோடு படுத்துவிட்டது. குரூப்பில் எனக்கு ஆதரவாக இரண்டு பேர் எழுதினார்கள். நான் ஜெயித்தேன். சாயங்காலம் பாயசம் வைத்து, ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன்.

ஒரே அறை. கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தாள். மூத்த பெண் இடது பக்கமாக உட்கார்ந்து அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நன்றி என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை. சார் வந்தாராமே, நீ சரியாகப் பேசினாயாமே என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"ஒங்களுக்கோசரம் சொல்லலக்கா. ஒரு வூட்ட காட்டிக் குடுத்தவன்னு பேரு வந்துட்சின்னா அந்த பில்டிங்ல எவளும் உள்ள வுட மாட்டா. ஆறு வூடும் பூடும்."

நான் தலையை ஆட்டினேன். அவள் பெண்ணைத் தண்ணீர் பிடித்துவர வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னாள்.

"டாக்டர் கேட்டாரு, எதுத்த வூட்டு தாத்தா கேட்டாரு, மத்த வூட்லயும் கேட்டாங்க, எப்பிடி வுழுந்தேன்னு. நீங்க மட்டும் இன்னி வரிக்கும் கேக்கல."

பாயச டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் நிறுத்தம் வரை நடந்தது நினைவில் இல்லை. எத்தனையோ கோப்புகளில் எத்தனையோ வக்கீல்கள் எங்களை மடக்கப் பார்த்திருக்கிறார்கள். 'தெரியும்' என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் நிரூபித்ததில்லை. கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. வெட்கம் என்று எழுதினால் அது போதாது. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது, எதிர் வீட்டுக்காரர் மேல் வருகிற அதே வகைக் கோபம்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் எதிர்க் கதவை அடித்தேன். அவர் வந்து திறந்தார்.

"படியத் தொடைக்காம விட்டது நாந்தான். மறந்து விடல. நீங்க வழுக்கணும்னுதான் விட்டேன். தெரிஞ்சேதான் சொல்லுதேன்."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். அவருடைய மேசையிலேயே உட்கார்ந்து, ஒரு பக்கம். 'செய்யப்பட்டது', 'விடப்பட்டது' என்றெல்லாம் பூசாமல், நான் செய்தேன், நான் விட்டேன் என்று எழுதினேன். கடைசி வரியில், அந்தப் பெண் தன் வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் செருப்பின் மேல் பழியைப் போட்டாள் என்றும் சேர்த்தேன். அவளைப் பெருமைப்படுத்துவதாக நினைப்பு. பத்து நிமிடத்தில் அது குரூப்பில் இருந்தது. அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஃபோன் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேர்மை, இந்தக் காலத்தில் யார் ஒப்புக்கொள்கிறார்கள் என்று கும்பிடு பொம்மைகள். சாணி மெழுகுகிற களத்துக்குச் சிரித்தவளும் ஒரு கும்பிடு போட்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்ல இப்போது அருவருப்பாக இருக்கிறது.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்துவிட்டு அவள் வந்தாள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. கை ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது, துணி பிழிய வரவில்லை என்றாள், வைத்தியம் பார்த்தால் சரியாகிவிடும் என்று சொன்னார்களாம். மற்ற வீடுகளுக்கு எப்போது போகப் போகிறாய் என்று கேட்டேன்.

நான்கு வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். கை உடைந்ததற்காக இல்லை. கை சரியாகும்வரை பொறுத்துக்கொள்வதாகத்தான் முதலில் சொல்லியிருந்தார்கள். என் கடிதத்தைப் படித்த பிறகு மனசு மாறியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்காக ஃபோனில் பதிவு செய்யும்போதே பொய் சொன்னவள், நாளைக்கு எங்கள் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் என்ன சொல்லுவாள் என்று கேட்டார்களாம். அந்த நான்கில் எதிர் வீடும் ஒன்று. அவளுக்கு நியாயம் வாங்கித் தருகிறேன் என்று போனவர் வீடு.

உனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் எழுதினேன் என்றேன்.

"வுழுந்தது நானு. செருப்புன்னு சொன்னதும் நானு. அத்த மாத்தி எழுதறப்போ என்ன ஒரு வார்த்த கேட்டீங்களாக்கா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இந்த மாதத்தோடு என் வீட்டு வேலையையும் விட்டுவிடுவதாகச் சொன்னாள். அந்தப் படியில் ஏறுவதற்கே பயமாக இருக்கிறதாம், வேறு காலனியில் யாரோ வேலைக்குச் சொல்லியிருக்கிறார்களாம்.

வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இந்தத் தடவை அது உண்மையாகவும் இருந்தது. உண்மையாக இருந்ததால் அவளுக்கு ஒரு வீடும் திரும்பக் கிடைக்கவில்லை.